ஏழு பேரைத் தாங்காத வண்டி

போன மாதம் ஒரு காலையில், தட்டில் இரண்டாவது இட்லி இருக்கும்போதே பிரபு போன் செய்தார். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் வண்டி ஷெட்டுக்கு இப்போது அவர்தான் ஃபோர்மேன். நான் ஓய்வு பெற்ற பிறகு பெரம்பலூர்ப் பக்கமிருந்து வந்தவர். இரண்டு முறைதான் நேரில் பார்த்திருக்கிறேன்.

“அண்ணே, ஒரு சந்தேகம். மூணாம் நம்பர் ஆம்புலன்ஸைக் கழிக்கப் போறாங்க. ரெண்டு வருஷமா ஷெட்டுலயே நின்ன வண்டி. தூக்கிப் பார்த்தா பின்னாடி ஆக்சில் மேல வெள்ளையா என்னமோ காஞ்சு கிடக்கு. ரெண்டு பக்கமும் இருக்கு. என்னண்ணே அது?”

“சுண்ணாம்பு.”

“வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பா?”

“அதேதான். அதுக்கு நேர் மேல சேஸிஸ்ல ஒரு கறுப்பு ரப்பர் தொங்கும். அதுல வெள்ளை ஒட்டியிருக்கா பாருங்க.”

அவர் குனிந்து பார்க்கும் மூச்சுச் சத்தம் கேட்டது. “இல்லண்ணே, ரப்பர் சுத்தமா இருக்கு.”

எனக்கு அதில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிரபு பேசிக்கொண்டே போனார். புது ஆம்புலன்ஸ் வந்திருக்கிறதாம். ஸ்பிரிங் பட்டையே கிடையாதாம். காற்றுப் பை வைத்தது, எடைக்குத் தகுந்தபடி தானே ஏறி இறங்குமாம். “நீங்க அந்தக் காலத்துல எப்படி செட் பண்ணீங்கன்னு நாலு பக்கம் எழுதிக் கொடுங்களேன். புது ஆளுங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன்” என்றார்.

எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தால்தானே. நான் எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிற ஆள் என்று என் மனைவி முப்பது வருஷமாகச் சொல்கிறாள். பஸ்ஸில் போனால் எந்தச் சக்கரத்து ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிகிறது என்று என் முதுகு கணக்கெடுக்கும். பக்கத்து சீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்தால் காதில் விழாது. நின்றுகொண்டும் நடந்துகொண்டும்தான் இதை எழுதுகிறேன். நாலு பக்கத்தில் நிற்குமா என்று தெரியவில்லை.

நான் தொழில் கற்றது தஞ்சாவூர் ரோட்டில் ஒரு லாரிப் பட்டறையில். ஆறு வருஷம் ஸ்பிரிங் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி வளைத்தேன், அடித்தேன், அடுக்கினேன். அங்கே ஒரே பாடம்தான்: எவ்வளவு விறைப்போ அவ்வளவு நல்லது. சிமெண்ட் மூட்டைக்கு வலிக்காது. அந்தத் திமிரோடுதான் ஆஸ்பத்திரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே ஃபோர்மேன் சீனிவாசன் சார். ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதிக்காரர். நெற்றியில் திருமண், சட்டைப் பையில் வெற்றிலைப் பெட்டி. அவருடைய அப்பா கோயிலில் ஸ்ரீபாதந்தாங்கி, அதாவது பெருமாள் புறப்பாட்டில் பல்லக்கின் தண்டைத் தோளில் தாங்குகிறவர். சாரும் வாலிபத்தில் தண்டுக்குத் தோள் கொடுத்தவர்தான். வலது தோளில் காய்ப்பு இருக்கும். யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் ஏறும். “ராஜு, கொஞ்சம் இப்படி எழுந்தருளுங்கோ” என்றார் என்றால், அன்றைக்குத் தொலைந்தோம் என்று அர்த்தம்.

முதல் நாளே என்னை ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரில் படுக்கச் சொன்னார். பெல்ட்டைப் போட்டு இறுக்கினார். டிரைவர் ஸ்டீபனிடம், “காவிரிப் பாலத்துக்குப் போய்ட்டு வாங்கோ” என்றார். அந்தப் பாலத்தை ஆயிரம் தடவை கடந்திருக்கிறேன். உட்கார்ந்தபடி. படுத்துக்கொண்டு கடந்தால் அது வேறு பாலம். ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் ஏறி இறங்கும்போது அடி நேராக வந்து பிடரியில் விழுந்தது. அந்தக் கரை போய்ச் சேர்வதற்குள் என் லாரித் திமிர் பாதி இறங்கிவிட்டது.

“உட்கார்ந்தவனுக்கு இடுப்பு இருக்கு, கால் இருக்கு, அதுகள் வாங்கிக்கும். படுத்திருக்கிறவனுக்கு ஸ்பிரிங்கை விட்டா யாரு?” என்றார் சார். அதற்குப் பிறகு, ஸ்பிரிங்கில் கை வைத்த எவனும் படுத்துக்கொண்டு பாலம் தாண்டாமல் வண்டியை வெளியே விட முடியாது. அது ஷெட்டின் சட்டம்.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். அன்றைய ஆம்புலன்ஸ் என்பது சரக்கு வேன்தான். மேலே கூண்டு கட்டி, விளக்கு வைத்திருப்பார்கள். அடியில் இருப்பது ஒரு டன் சரக்குக்குப் போட்ட பட்டை. ஒரே ஒரு நோயாளியோடு போனால் அந்தப் பட்டை அசைந்தே கொடுக்காது, குதிக்கும். சரி, இளக்கிவிடலாம் என்று ஒரு பட்டையை உருவினால் மெத்தென்று போகும். ஆனால் வளைவில் கூண்டு சாயும். ஸ்டீபன், “முன்னாடி நான் திரும்பிட்டேன், பின்னாடி அது இன்னும் யோசிக்குது” என்று புலம்புவார். இன்னொன்று, எடை ஏறினால் வண்டி அமுங்கி, ஆக்சில் போய்ச் சேஸிஸில் இடிக்கும். இரும்பும் இரும்பும் இடிக்காமல் இருக்கத்தான் நடுவே அந்தக் கறுப்பு ரப்பர். ஸ்டாப்பர் என்போம். ஆக்சில் ரப்பரைத் தொட்டது என்றால் ஸ்பிரிங் தோற்றது என்று பொருள். அந்த அடியைப் படுத்திருப்பவர் அப்படியே வாங்குவார்.

ஓடுகிற வண்டியில் ஆக்சில் ரப்பரைத் தொட்டதா இல்லையா என்று யார் பார்ப்பது? சாரிடம் அதற்கு ஒரு வழி இருந்தது. வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, விரலில் சுண்ணாம்பு எடுத்து, ரப்பருக்கு நேர் கீழே ஆக்சில் மேல் கனமாகத் தடவுவார். வண்டி போய் வந்ததும் டார்ச் அடித்துப் பார்ப்பார். ரப்பர் கறுப்பாக இருந்தால் சரி. வெள்ளை ஒட்டியிருந்தால் பட்டையைக் கழற்று. “சுண்ணாம்பு பொய் சொல்லாது” என்பார். அவருடைய சொந்த விரல் எப்போதும் வெந்திருக்கும்.

சோதனை இரண்டு தரம். முதலில் ஸ்ட்ரெச்சரில் ஒருவர், கூட இருவர். அடுத்தது ஸ்ட்ரெச்சர் ஆளோடு, கூட வருகிற தலைக்கு ஒன்றாக ஏழு மூட்டை மணல். இந்த இரண்டாவதற்குச் சார் வைத்த பெயர் ‘கூட்டத்தோட’. வண்டிக் கதவில், நோயாளியுடன் இருவர் மட்டும் என்று சிவப்பு எழுத்தில் பெரிதாக எழுதியிருக்கும். நம் ஊரில் அந்த போர்டை யார் மதித்தார்கள்? புருஷன் ஏறுவான், மச்சான் ஏறுவான், பெரியம்மா ஏறுவாள், தண்ணீர்க் குடத்தோடு பக்கத்து வீட்டுக்காரர் ஏறுவார். சார் ஒரு மாதம் அவசரப் பிரிவு வாசலில் நின்று, வண்டியிலிருந்து இறங்குகிற தலைகளைப் பார்த்தவர். அதனால்தான் ஏழு.

மூன்றாம் நம்பர் வண்டியைப் பற்றி எலும்பு டாக்டர் ஒருநாள் ஷெட்டுக்கே வந்து சத்தம் போட்டார். பாலத்தில் நோயாளிகள் அலறுகிறார்கள் என்றார். சார் வேலையை என்னிடம் கொடுத்தார். பத்து வருஷ அனுபவம் ஆகியிருந்தது, எள் என்பதற்குள் எண்ணெயாக நின்றேன். கீழிருந்து இரண்டாவது பட்டையை உருவினேன். மிச்சத்தைத் துரு நீக்கி, கிரீஸ் தடவி அடுக்கினேன். புது ஷாக் அப்சார்பர் மாட்டினேன். சக்கரக் காற்றைக் கொஞ்சம் குறைத்தேன். சாரே படுத்துக்கொண்டார். காவிரிப் பாலத்தில் போகும்போது கண்ணை மூடியவர் அந்தக் கரை வரை திறக்கவில்லை. “இன்னொரு தரம் போகலாமா?” என்றார். பாராட்டு என்று அவரிடமிருந்து வருவது அதுதான். எனக்குக் கால் தரையில் படவில்லை.

அடுத்து மூட்டைகளை ஏற்ற வேண்டும். அவற்றைக் கட்டட வேலைக்காரர்கள் பின்வாசலுக்கு எடுத்துப் போய் அடுக்கியிருந்தார்கள். திரும்பக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆகும். சமயபுரத்தில் பூச்சொரிதல் கூட்டம் தொடங்கிவிட்டது, வண்டி எப்போது வரும் என்று அவசரப் பிரிவிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். காத்திருப்பது என் உடம்புக்கு ஆகாது. போர்டில்தான் இருவர் என்று எழுதியிருக்கிறதே என்று மனசுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் சார் கேட்டார். “கூட்டத்தோட பார்த்தேளா?”

“பார்த்தாச்சு சார்.”

அவர் ஆக்சிலில் சுண்ணாம்பைத் தடவிவிட்டு, வண்டி வெளியே போகலாம் என்று புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் சமயபுரத்திலிருந்து அழைப்பு. செல்வி என்று ஒரு பெண், முப்பத்தோரு வயது, கோயில் பக்கம் பூக்கடை வைத்திருப்பவள். பரணில் ஏறி நார் எடுக்கும்போது ஏணி சரிந்து விழுந்துவிட்டாள். கழுத்தில் அடி. கழுத்துக்குப் பட்டை போட்டு ஸ்ட்ரெச்சரில் கட்டி, ஸ்டீபன் மெதுவாகத்தான் ஓட்டி வந்தார். மத்தியானம் ஷெட்டுக்கு வந்தவர் சாவியை மேஜையில் போட்டுவிட்டு என்னிடம் நேராகச் சொன்னார்.

“ராஜு, ஏழு பேரு ஏறிட்டாங்க. எறங்குங்கன்னா எறங்க மாட்டேங்குறாங்க. பாலத்துல பின்னாடி மூணு தடவை டம்முனு இடிச்சுது. மூணாவது இடியில அந்தப் பொண்ணு, வலது கை மரத்துப் போச்சுன்னு சொல்லுச்சு. என்ன பண்ணி வச்சீங்க வண்டிய?”

நான் வண்டிக்கு அடியில் போனேன். இடது பக்கத்து ரப்பரில் வெள்ளை. வலது பக்கத்து ரப்பரிலும் வெள்ளை, அப்பட்டமாக. படுத்தபடியே அதைப் பார்த்தேன். பிறகு ஒரு துணியை எடுத்து, மண்ணெண்ணெயில் நனைத்து, இரண்டு ரப்பரையும் துடைத்தேன். ஆக்சிலையும் துடைத்தேன். கை தானாகச் செய்தது என்று எழுத ஆசைதான். கை தானாக எதையும் செய்யாது.

பத்து நிமிஷத்தில் சார் டார்ச்சோடு வந்தார். குனிந்து பார்த்தார். வெளியே வந்து வேஷ்டித் தூசியைத் தட்டிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, மறுபடி குனிந்து, ஆக்சிலில் புதிதாகச் சுண்ணாம்பு தடவினார். “இந்த வண்டி இன்னிக்கு வெளில போக வேண்டாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

செல்விக்கு உயிருக்கு ஆபத்தில்லை. நடக்கலாம் என்றார்கள். ஆனால் வலது கை விரல்கள் மூடவில்லை. பூக் கட்டுகிற கை. டாக்டரிடம் போய், வண்டி விஷயமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். “விழுந்தப்பவே நரம்பு நசுங்கியிருக்கலாம். வர்ற வழியில ஆயிருக்கலாம். இதை யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க” என்றார். தீர்ப்பு ஏதாவது சொல்லியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். அந்த ‘லாம்’ இருக்கிறதே, அது இன்றுவரை என்னை ஓரிடத்தில் இருக்க விடவில்லை.

வார்டுக்கு மூன்று முறை போனேன். மூன்றாவது முறை அவளே கேட்டாள். “நீங்க யாருங்க? அடிக்கடி வந்து பார்க்குறீங்க.”

“வண்டி மெக்கானிக்குமா.”

“ஓ. டிரைவரண்ணன் ரொம்ப மெதுவாத்தாங்க ஓட்டிட்டு வந்தாரு. அவரை யாரும் ஏதும் சொல்லிடாதீங்க” என்றாள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, குடைந்தது. எட்டாம் நாள் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை ஏற்றாததை, பொய்யை, துணியை. அவர் வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

“தெரியும். அன்னிக்கே மண்ணெண்ணெய் வாசனை வந்தது.”

“ஏன் சார் கேக்கல?”

“நான் கேட்டு நீங்க சொன்னா அது என் ஸ்பிரிங் தள்ளி வந்த உண்மை. நீங்களா சொன்னாத்தான் உங்களது. எட்டு நாள் ஆச்சு. நான் நாலு நாள்னு நினைச்சிருந்தேன்.”

அன்றே மேலதிகாரியிடம் போய், கையெழுத்து என்னுடையது, தவறும் என்னுடையது என்று எழுதிக் கொடுத்தார். அவருக்கு அந்த வருஷம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

பிறகு இரண்டு பேரும் அந்த வண்டியில் பதினொரு நாள் கிடந்தோம். உருவின பட்டையைத் திரும்பப் போட்டால் பழைய குதிப்பு. போடாவிட்டால் இடி. சார்தான் வழி சொன்னார். “பல்லக்குல பாரம் கூடினா நடையில இருக்கிறவாளை மாத்த முடியாது. பக்கத்துல ஒருத்தர் சும்மா நடந்து வருவார். தண்டு எறங்கினா மட்டும் தோள் கொடுப்பார்.” அப்படியே செய்தோம். அடுக்குக்கு மேலே தனியாக ஒரு தடித்த பட்டை. ஒரு நோயாளி, இரண்டு பேர் என்றால் அது எதையும் தொடாது. கூட்டம் ஏறி வண்டி அமுங்கினால் மட்டும் அதன் நுனி போய்ச் சேஸிஸில் உட்காரும், பாரத்தை வாங்கும். அந்த இடைவெளியை விரலளவு, அரை விரலளவு என்று மாற்றி மாற்றிப் பார்த்தோம். நிறைய விட்டால் இடிக்கிறது, குறைத்தால் முதுகில் குத்துகிறது. கடைசியில் ஆஸ்பத்திரி கேன்டீனிலிருந்து ஏழு பேரையே ஏற்றிக்கொண்டு, நான் படுத்துக்கொண்டு பாலம் போனேன். பரோட்டா மாஸ்டர் என் கால்மாட்டில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே வந்தார். ரப்பர் கறுப்பாகவே இருந்தது. ஸ்டீபன் வளைவுகளில் வேண்டுமென்றே திருப்பிப் பார்த்துவிட்டு, “இப்ப யோசிக்காம வருது” என்றார்.

“அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடட்டுமா சார்?” என்று கேட்டேன்.

“அது உங்க காரியம்” என்றார்.

என் காரியத்தை நான் செய்யவில்லை. சார் ஓய்வு பெற்றார், பிறகு காலமாகித் திருநாடும் சேர்ந்தார். நான் ஃபோர்மேன் ஆனேன். ஒவ்வொரு வண்டிக்கும் ஏழு மூட்டையை என் கண் முன்னால் ஏற்றவைத்தேன், ஓய்வு பெறும் நாள்வரை என் கையால் சுண்ணாம்பு தடவினேன். வருஷத்துக்கு நாலைந்து முறை சமயபுரம் போய் செல்வியின் கடையில் மாலை வாங்குவேன். வலது கையால் நாரைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான் முடிகிறது அவளுக்கு, கட்டுவதெல்லாம் இடது கை. பழைய வேகம் இல்லை. வாங்கிய மாலையை அம்மனுக்குச் சாத்திவிட்டு வந்துவிடுவேன். பதினான்கு வருஷம் இப்படியே போனது.

பிரபு ரப்பர் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னபோதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒருமுறை அந்த ரப்பரைச் சுத்தமாக்கியவன் நானல்லவா. இட்லியை அப்படியே வைத்துவிட்டுத் திருவானைக்காவல் ஸ்டாப்பில் பஸ் ஏறினேன். பின் சக்கரத்து ஷாக் எந்த நிலையில் இருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

“வாங்கண்ணே, இன்னைக்கு செவ்வாய் வெள்ளி கூட இல்லையே” என்றாள் செல்வி. நின்றபடியே சொன்னேன். மூட்டை, பொய், மூன்று இடி, துணி. எதையும் விடவில்லை. அவள் பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். முடித்த பிறகும் கொஞ்ச நேரம் தெளித்தாள்.

“பதினாலு வருஷமா மாலை வாங்கிட்டுப் போனீங்க” என்றாள். “ஒரு நாளாவது வாயத் தொறந்திருக்கலாம்ல?”

“தொறந்திருக்கணும்மா.”

“என் கைக்கு நான் அழுது முடிச்சு வருஷக்கணக்காச்சு. உள்ள ஒரு ஆளு இன்னும் முடிக்கல. அவங்ககிட்ட போயி சொல்லுங்க.”

கடைக்குப் பின்னால் சாக்கு விரித்து, அவளுடைய மாமியார் மருக்கொழுந்து ஆய்ந்துகொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். செல்வி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “அன்னைக்கு வண்டியில கடைசியா ஏறினது எங்க அத்த. ஆஸ்பத்திரி வாசல்ல டிரைவரண்ணன் கோவத்துல, ‘இத்தனை பேரு ஏறினா வண்டி இடிக்காம என்ன செய்யும்’னு கேட்டுட்டாரு. அதுலேருந்து நான் ஏறுற வண்டியில அவங்க ஏற மாட்டாங்க. ஆட்டோன்னாலும் சரி, வேனுன்னாலும் சரி. நீங்க போங்க, நான் பின்னாடி பஸ்ல வரேன்பாங்க. வர்ற ஞாயித்துக்கெழம துவாக்குடில கல்யாணம். அதுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்காங்க.”

நான் மறைத்தது என் ஒருவனின் பாவம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதை வேறொருவர் சுமந்துகொண்டு தனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. அந்தச் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“அம்மா, நான் அந்த வண்டியோட மெக்கானிக்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கை நின்றுவிட்டது.

“நோயாளியோட ஏழு பேரு ஏறுவாங்கன்னு எங்களுக்குத் தெரியும்மா. ஏழு பேரு ஏறினாலும் இடிக்காம இருக்கிற மாதிரிதான் வண்டிய செஞ்சு விடணும். நான் செய்யல. செஞ்சுட்டேன்னு பொய் சொன்னேன். இடிச்சது உங்களால இல்ல.”

“போர்டுல ரெண்டு பேருன்னுதான தம்பி எழுதியிருந்துச்சு?”

“அது போர்டும்மா. வண்டி ஏழு பேரைத் தாங்கியிருக்கணும்.”

அவர் மடியிலிருந்த மருக்கொழுந்தை எடுத்துச் சாக்கில் வைத்தார். “அப்ப நான் ஏறியிருக்கலாமா?” என்றார்.

“ஏறியிருக்கலாம்மா.”

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டு, கடையின் முன்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏ செல்வி, ஞாயித்துக்கெழம வேனு எத்தனை மணிக்கு?”

“ஏழு மணிக்கு அத்த.”

“எனக்கும் ஒரு எடம் வையி.”